6 புல்-அப்ஸுக்கு 16 மார்க், 10 எடுத்தால் 40: பாதியில் நின்றுபோன பலத்தை மீண்டும் ஏற்றுவது எப்படி?

காலை ஐந்தரை மணி. அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே ஒரு கம்பி. ராணுவத்துக்குத் தயாராகும் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் தொங்குகிறார். நண்பர்கள் எண்ணுகிறார்கள். ஆறு வரை மளமளவென்று போன எண்ணிக்கை ஏழில் நிற்கிறது. கால் உதறுகிறது, முகம் சிவக்கிறது, தாடை கம்பிக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிடுகிறது. "நேத்தும் ஆறுதான், போன மாசமும் ஆறுதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறார்.

தமிழ்நாட்டில் ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் பலருக்கும் இந்தக் காட்சி பழகியதுதான். தினமும் பயிற்சி செய்கிறார்கள், ஒருநாள் கூட லீவு விடுவதில்லை. ஆனாலும் எண்ணிக்கை நகர மாட்டேன் என்கிறது. உடற்பயிற்சி உலகில் இதை 'பிளாட்டோ' என்கிறார்கள். பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்த 'பீடபூமி'யும் இதே சொல்தான். தமிழில் தேக்கம் என்று சொல்லலாம்.

இந்தத் தேக்கம் ஏன் வருகிறது? ஜிம், மெஷின் எதுவும் இல்லாமல், ஒரு கம்பியும் சொந்த உடம்பும் மட்டும் இருப்பவர்கள் அதை எப்படி உடைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு புல்-அப்புக்கு எத்தனை மார்க்?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் கீழ் ராணுவத்தின் ஜெனரல் டியூட்டி பிரிவில் சேர விரும்பும் ஆண்களுக்கு நடக்கும் உடற்திறன் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீம் புல்-அப்ஸ், 9 அடி பள்ளம் தாண்டுதல், வளைந்து செல்லும் கட்டையில் சமநிலையோடு நடத்தல் ஆகியவை இருக்கின்றன. கடைசி இரண்டிலும் தேறினால் போதும். மார்க் கிடைப்பது ஓட்டத்துக்கும் புல்-அப்ஸுக்கும்தான். புல்-அப்ஸ் மார்க் இப்படி:

10 புல்-அப்ஸ் - 40 மார்க்
9 புல்-அப்ஸ் - 33 மார்க்
8 புல்-அப்ஸ் - 27 மார்க்
7 புல்-அப்ஸ் - 21 மார்க்
6 புல்-அப்ஸ் - 16 மார்க்

ஆறுக்குக் கீழே போனால் தேர்ச்சியே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 6-லிருந்து 7-க்குப் போனால் கூடுவது 5 மார்க். 9-லிருந்து 10-க்குப் போனால் கூடுவது 7 மார்க். மேலே போகப் போக ஒவ்வொரு புல்-அப்பின் மதிப்பும் ஏறுகிறது. ஆறிலேயே நின்றுவிட்டவர், பத்து எடுப்பவரைவிட 24 மார்க் பின்னால் இருக்கிறார்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் இருக்கிறது. அதற்கும் தேவைப்படுவது இதே முதுகும், இதே முன்கையும்தான். ஆக, கம்பியில் தேக்கத்தை உடைக்கத் தெரிந்தவருக்குக் கயிற்றிலும் அது கைகொடுக்கும்.

முதல் மாதம் மளமளவென ஏறியது, அப்புறம் ஏன் நின்றது?

புதிதாகக் கம்பியில் தொங்குபவர் இரண்டில் ஆரம்பித்து, ஒரே மாதத்தில் ஐந்தோ ஆறோ எடுத்துவிடுவது உண்டு. 'அடுத்த மாதம் பத்து' என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கு தப்பாகப் போவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது.

ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவது அல்ல, நரம்பு பழகியதால் வருவது. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரிதான். மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் சில வாரங்களில் நரம்பின் பங்கு அதிகம், அதற்குப் பிறகுதான் தசை வளர்ச்சியின் பங்கு படிப்படியாகக் கூடுகிறது என்பது அதன் சாரம்.

அதாவது முதல் மாதம் கிடைத்தது, கையில் இருந்த பணத்தை ஒழுங்காகச் செலவு செய்யக் கற்றுக்கொண்டதால் வந்த லாபம். அடுத்த லாபத்துக்குப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும், சாப்பாடும் தூக்கமும் வேண்டும். முக்கியமாக, உடம்புக்குப் புதிய காரணம் ஒன்று வேண்டும்.

அந்தக் 'காரணம்' என்ன? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால்தான் தசையின் பலம் கூடும் என்ற முறையை 1945-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கும் எல்லா பலப் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான். நேற்று செய்ததையே இன்றும் செய்தால், நேற்றைய பலமே போதும் என்று உடம்பு முடிவு செய்துவிடும்.

உடல் எடைப் பயிற்சியில் என்ன சிக்கல்?

நம் ஊர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. பெரிய கல்லைத் தூக்க முடியாதவர் சின்னக் கல்லில் பழகி மேலே வரலாம். ஜிம்மிலும் அப்படித்தான், இரண்டரை கிலோ தட்டை மாட்டிக்கொண்டே போகலாம். கம்பியில் தொங்குபவருக்கு அந்த வசதி இல்லை. 60 கிலோ ஆள் என்றால், முதல் நாளும் 60 கிலோதான், நூறாவது நாளும் 60 கிலோதான். எடையைக் குறைக்கவும் வழியில்லை, கூட்டவும் வழியில்லை என்று தோன்றும். அதனால் எல்லோரும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள்: தினமும் ஏறி, முடியும் வரை இழுத்து, இறங்கிவிடுவது.

இங்கேதான் தப்பு நடக்கிறது. 'எத்தனை முடியும்' என்று பார்ப்பது சோதனை. அது பயிற்சி அல்ல. தினமும் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால் உடம்பு இளைத்துவிடுமா? அது மாதிரிதான் இதுவும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். பலப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு. ஒரு எடையை எத்தனை முறை தூக்க முடிகிறது என்பதை வைத்து, ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று தோராயமாகச் சொல்லும். எடையை 30-ஆல் வகுத்து, எண்ணிக்கையால் பெருக்கி, அதை எடையோடு கூட்ட வேண்டும்.

60 கிலோ ஆள் 6 புல்-அப்ஸ் எடுத்தால்: 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2. அதை 6-ஆல் பெருக்கினால் 12. கூட்டினால் 72 கிலோ. அதாவது 12 கிலோ பையை மாட்டிக்கொண்டு அவரால் ஒரே ஒரு புல்-அப் எடுக்க முடியலாம். அதே ஆள் 10 எடுக்க வேண்டும் என்றால் அந்த அளவு 80 கிலோவாக இருக்க வேண்டும்.

ஆறுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் 8 கிலோ பலம். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், 'இன்னும் கொஞ்சம் தம் கட்டினால் வந்துடும்' என்ற நினைப்பு ஏன் வேலை செய்வதில்லை என்பதை இது காட்டிவிடுகிறது. குறைவது தைரியம் இல்லை, பலம். அந்த 8 கிலோவை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நண்பரிடம் போனைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஏழாவது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து காரணம் மாறும்.

கீழேயே நிற்கிறதா? கை முழுசாக நீண்ட நிலையிலிருந்து கிளம்ப முடியவில்லை என்றால், தோள்பட்டை எலும்பைக் கீழே இழுக்கும் தசைகளுக்குப் பழக்கம் போதவில்லை. இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. கம்பியில் தொங்கி, முழங்கையை மடக்காமல், தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்கி ஏற்றுங்கள். உடம்பு இரண்டு மூன்று அங்குலம்தான் அசையும், ஆனால் பலன் பெரியது.

தாடை மட்டும் தாண்ட மாட்டேன் என்கிறதா? மேல்நிலையில் பலம் குறைவு. ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் 10 முதல் 15 விநாடி அப்படியே நிற்கப் பழகுங்கள்.

முதுகு தயாராக இருக்கிறது, விரல்தான் வழுக்குகிறதா? பிடி பலம் போதவில்லை. பயிற்சியின் முடிவில் 30 முதல் 45 விநாடி சும்மா தொங்குவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

காலை உதைத்து, ஊசலாடி ஏறுகிறீர்களா? அப்படியென்றால் உங்கள் உண்மையான எண்ணிக்கை ஆறு இல்லை, நாலாக இருக்கலாம். முகாமில் எண்ணுபவர் அரைகுறையானதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மொத்த உழைப்பும் வீண். கை முழுசாக நீள வேண்டும், தாடை கம்பியைத் தாண்ட வேண்டும், உடம்பு ஆடக் கூடாது. வீட்டில் கடுமையாக எண்ணுங்கள், முகாமில் கவலை இருக்காது.

தேக்கத்தை உடைக்கும் 4 வழிகள்

1. பாதி எண்ணிக்கை, பல முறை

ஆறு எடுக்க முடிந்தவர் ஒவ்வொரு முறையும் மூன்று மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் எட்டு முறை. மொத்தம் 24. இதை வழக்கமாகச் செய்வதோடு ஒப்பிடுங்கள். முடியும் வரை இழுப்பவர் முதல் முறை 6, அடுத்து 4, அடுத்து 3 என்று 13-லேயே ஓய்ந்துவிடுவார். அதிலும் கடைசி நாலைந்து கோணல் மாணலாக இருக்கும். மூன்று மூன்றாக எடுப்பவருக்கு 24-ம் சுத்தமாக வரும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலையும் நடந்திருக்கும்.

இதையே நாள் முழுக்கப் பரப்பிச் செய்யும் முறையும் இருக்கிறது. பெலாரஸில் பிறந்த பயிற்சியாளர் பாவெல் ட்சட்சூலின் பிரபலமாக்கிய முறை அது. வீட்டு வாசலில் கம்பி இருந்தால், காலையில் மூன்று, குளிக்கும் முன் மூன்று, சாயங்காலம் மூன்று என்று களைப்பே தெரியாமல் எடுத்துக்கொண்டே இருப்பது. ஒருபோதும் மூச்சு முட்டும் வரை போகக் கூடாது என்பதுதான் இதன் விதி.

2. பையை மாட்டுங்கள்

பழைய ஸ்கூல் பை, சில தண்ணீர் பாட்டில்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடச் சிக்கனமான எடைத் தட்டு கிடையாது. மேலே போட்ட கணக்குப்படி, 6 எடுக்கும் 60 கிலோ ஆளால் 5 கிலோ பையோடு சுமார் 3 எடுக்க முடியும். இரண்டு அல்லது மூன்று வீதம் ஐந்து முறை எடுத்தால் போதும். எல்லாம் சுத்தமாக வந்தால் அடுத்த வாரம் ஒரு பாட்டில் கூடுதல்.

பையின் வார் உறுதியாக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிக் கட்டுங்கள், ஊசலாடினால் தோளுக்கு ஆபத்து.

3. இறங்குவதும் பயிற்சிதான்

மேலே தூக்க முடியாத எடையைக் கூட மெதுவாகக் கீழே இறக்க நம் தசையால் முடியும். தசை நீளும்போது அதற்குப் பலம் அதிகம். ஏழாவது வரவில்லையா? ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து விநாடி எண்ணிக்கொண்டே இறங்குங்கள். மூன்று வீதம் நாலு முறை போதும். ஒரு புல்-அப் கூட எடுக்க முடியாதவர்கள் ஆரம்பிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. மெதுவாக இறங்கும் பயிற்சிதான் உடம்பு வலியை அதிகம் தரும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

4. இடையில் உட்காருங்கள்

"ரெஸ்ட் எடுத்தா சோம்பேறி" என்ற எண்ணம் மைதானங்களில் அதிகம். பலம் கூட வேண்டும் என்றால் இது நேர் எதிரான யோசனை. பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற இளைஞர்கள் இரு பிரிவாக 8 வாரம் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவுக்கு செட்டுகளுக்கு இடையே 1 நிமிட ஓய்வு, இன்னொன்றுக்கு 3 நிமிடம். 3 நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கே பலம் அதிகமாகக் கூடியது.

எடைப் பை மாட்டும் நாளில் 3 நிமிடம், பாதி எண்ணிக்கை நாளில் ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையில் நாலு பேர் மாறி மாறி ஏறினால் இந்த ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

8 வாரத் திட்டம்: எப்படிப் பிரிப்பது?

5 அல்லது 6 புல்-அப்ஸ் சுத்தமாக எடுக்க முடிந்தவர்களுக்கான மாதிரித் திட்டம் இது. வாரத்தில் மூன்று நாள் கம்பி, இடையில் ஒரு நாளாவது இடைவெளி.

திங்கள் - எடைப் பை நாள். 2 அல்லது 3 வீதம் 5 முறை. 3 நிமிட ஓய்வு. 3 கிலோவில் ஆரம்பிக்கலாம்.

புதன் - பாதி எண்ணிக்கை நாள். 3 வீதம் 8 முறை. ஒன்றரை நிமிட ஓய்வு.

வெள்ளி - இறங்கும் நாள். 5 விநாடி இறக்கம், 3 வீதம் 4 முறை. அதோடு தோள்பட்டை இறக்கும் பயிற்சி 10 வீதம் 2 முறை, கடைசியில் தொங்கல்.

முதல் 3 வாரம்: மேலே உள்ளபடியே. ஒவ்வொரு வாரமும் பையில் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மட்டும் கூட்டுங்கள்.

4-ம் வாரம்: எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். வார இறுதியில் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எத்தனை என்று பாருங்கள்.

5 முதல் 7-ம் வாரம்: புதிய அதிகபட்சத்தின் பாதியை வைத்துக்கொண்டு மீண்டும் ஆரம்பியுங்கள். 8 வந்திருந்தால் புதன்கிழமை 4 வீதம் 7 முறை, மொத்தம் 28. வெள்ளிக்கிழமை மட்டும் ஓடி முடித்துவிட்டுக் கம்பிக்கு வாருங்கள். காரணம் கீழே.

8-ம் வாரம்: முதல் நாலு நாள் லேசான பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு, பிறகு முகாமில் நடப்பது போலவே முழுத் தேர்வு.

4-ம் வாரத்தில் குறைக்கச் சொல்வது பலருக்குப் பயமாக இருக்கும். 'விட்டா போயிடும்' என்று தோன்றும். ஒரு வாரம் குறைத்தால் பலம் போகாது. மூன்று வாரமாகச் சேர்ந்த களைப்புதான் போகும். களைப்பு இறங்கிய பிறகுதான் சேர்ந்த பலம் வெளியே தெரியும். சிலருக்கு ஏழாவது புல்-அப் முதல் முறையாக வருவது இந்த வாரத்தில்தான்.

எட்டு வாரத்தில் எல்லோருக்கும் பத்து வந்துவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எட்டு வரும், சிலருக்கு ஒன்பது. வந்த இடத்திலிருந்து இதே சுற்றை மறுபடி ஓட்ட வேண்டும்.

மைதானத்தில் 10, முகாமில் 7... ஏன்?

முகாமில் முதலில் ஓட்டம். அதில் தேறியவர்கள்தான் கம்பிக்குப் போகிறார்கள். 1.6 கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து ஓடியவரின் மூச்சு அடங்குவதற்குள் கம்பி வந்துவிடலாம். வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் முதல் வேலையாக எடுக்கும் 10 புல்-அப்ஸும், ஓட்டத்துக்குப் பின் எடுக்கும் 10 புல்-அப்ஸும் ஒன்றல்ல.

அதனால் இரண்டு விஷயம். முதலாவது, கடைசி மூன்று நாலு வாரமாவது வாரத்தில் ஒரு நாள் ஓடிவிட்டுக் கம்பி ஏறிப் பழக வேண்டும். இரண்டாவது, களைப்பு இல்லாத நேரத்தில் 12 எடுக்கும் அளவுக்குப் பலம் இருந்தால்தான் முகாமில் 10 நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா நாளும் ஓடிவிட்டுத்தான் கம்பி என்று வைத்துக்கொள்வதும் தவறு. களைத்த உடம்பால் எடைப் பை நாளைச் சரியாகச் செய்ய முடியாது. திங்களும் புதனும் முதலில் கம்பி, பிறகு ஓட்டம்.

எடையைக் குறைத்தால் எண்ணிக்கை ஏறுமா?

ஏறும், ஒரு அளவு வரை. 65 கிலோ ஆள் 6 எடுக்கிறார் என்றால், அதே சூத்திரப்படி அவரது ஒருமுறை அதிகபட்சம் 78 கிலோ. வயிற்றுக் கொழுப்பில் 3 கிலோ குறைந்து 62 ஆனால், பலம் கூடாமலேயே எண்ணிக்கை 7-ஐத் தாண்டும். ஆனால் இது கொழுப்பு இருப்பவருக்கு மட்டும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் பட்டினி கிடந்தால் குறைவது தசைதான். எடையும் இறங்கும், எண்ணிக்கையும் இறங்கும்.

சராசரி ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 84 கிராம்.

இதற்கு டப்பா பவுடர் கட்டாயமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம். 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் சுமார் 25 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம். இவற்றோடு தயிர், பருப்பு, மீன், கோழி என்று வீட்டில் கிடைப்பதைச் சேர்த்தாலே கணக்கு நெருங்கிவிடும். இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிட்டு ஓடுபவருக்குத்தான் இது எட்டாது.

அடுத்தது தூக்கம். நள்ளிரவு வரை போன், நாலரைக்கு அலாரம் என்றால் எந்தத் திட்டமும் வேலை செய்யாது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம். தசை பழுது பார்க்கப்படுவது கம்பியில் தொங்கும்போது அல்ல, ஓய்வில்தான்.

எதைச் செய்யக் கூடாது?

வலியோடு இழுக்காதீர்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்கையின் உள்பக்கத்திலோ தோள் மூட்டிலோ ஒரே இடத்தில் குத்தும் வலி வேறு. தசை சீக்கிரம் பழகிவிடும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழக அதைவிட அதிக காலம் ஆகும். அந்த வலி வந்தால் பையை இறக்கி வையுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே நாளில் நூறு என்று சவால் விடாதீர்கள். பழக்கமில்லாத உடம்பில் அளவுக்கு மீறி இழுத்தால் தசை சிதைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்று இதற்குப் பெயர். கை கடுமையாக வீங்கி, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"ஒரு ஊசி போட்டா பத்து வந்துடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊக்க மருந்துக்கு ராணுவ ஆள்சேர்ப்பில் இடமில்லை, பிடிபட்டால் வாய்ப்பே போய்விடும். அதைவிட, இருபது வயதில் ஹார்மோனைக் கெடுத்துக்கொண்டால் விளைவு முகாமோடு முடியாது.

தண்டால், பஸ்கிக்கும் இதே விதிதானா?

ஆமாம். ஆனால் அங்கே எடைப் பைக்குப் பதிலாக உடம்பின் கோணத்தை மாற்றியே சுமையைக் கூட்டலாம். 30 தண்டாலில் நின்றுவிட்டவர், 31-க்கு முட்டி மோதுவதைவிட, காலைப் படிக்கட்டில் உயர்த்தி வைத்து 12 வீதம் எடுப்பது பலன் தரும். பஸ்கியில் 100-ஐத் தாண்டியவர் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழப் பழகலாம். எண்ணிக்கை நிற்கும்போது, கொஞ்சம் கடினமான வடிவத்துக்கு மாறிக் குறைந்த எண்ணிக்கை எடுப்பது. பிறகு பழையதுக்குத் திரும்பிப் பார்த்தால் எண்ணிக்கை தானாக ஏறியிருக்கும்.

சுருக்கமாக...

தேக்கம் என்பது பலம் தீர்ந்துபோனதற்கான அடையாளம் அல்ல. பழைய பயிற்சியை உடம்பு கற்று முடித்துவிட்டது, புதிதாக ஏதாவது கொடு என்று கேட்கிறது, அவ்ளோதான். தினமும் அதிகபட்சத்தைச் சோதிப்பதை நிறுத்துங்கள். பாதி எண்ணிக்கையைப் பல முறை எடுங்கள், பையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை சேருங்கள், மெதுவாக இறங்குங்கள், நன்றாக ஓய்வெடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் எண்ணிப் பாருங்கள். தேதி, பையின் எடை, எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கம்பியில் எண்ணிக்கை நகராத வாரத்திலும், பையின் எடை ஏறியிருப்பது அந்த நோட்டில் தெரியும்.

ஒன்றே ஒன்று. தேர்வு விதிகளும் மார்க் முறையும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுப் பயிற்சியைத் திட்டமிடுங்கள். இதய நோய், மூட்டுப் பிரச்சினை, சமீபத்தில் அறுவை சிகிச்சை என ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடியுங்கள்.